கொட்டச்சேட்டின் வறண்ட போர்வெல்லும் வளர்ந்துவிட்ட மாநாடும்

ஜனவரிக் கடைசியில் ஏற்காட்டுக்குப் போகிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நல்ல குளிர், காபிப் பழம் பறிக்கும் பருவம், விடுமுறைக் கூட்டமும் கிடையாது. நான் போனது புவிவெப்ப மாநாட்டுக்கு. பூமிக்கடியில் உள்ள சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா, அதைக் கொண்டு கட்டடங்களைக் குளிர்விக்கலாமா, காபிக்கொட்டையை உலர்த்தலாமா என்று பேசுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை அங்கே கூடுகிறார்கள். முதல் கூட்டத்திலிருந்தே செய்தி எழுதி வந்தவன் நான். இப்போது பத்திரிகை வேலையில் இல்லை. இந்த முறை அழைப்பும் வரவில்லை. நானே பெயரைப் பதிந்துகொண்டேன்.

சேலம் பேருந்து நிலையத்திலிருந்து காலை ஏழு மணிக்கு அரசுப் பேருந்து ஏறினேன். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வயிறு புரட்டுகிறவர்கள் முன்னிருக்கையைப் பிடியுங்கள். மாநாட்டு விடுதியில் அறைகள் நிரம்பிவிட்டதால் ஏரிக்குப் பின்தெருவில் ஓர் இரவுக்கு ஆயிரத்து நூறு ரூபாயில் அறை எடுத்தேன். காலையில் மட்டும் வெந்நீர் வரும்.

முதல் கூட்டத்தில் ஏழு பேர். ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் நடத்தினார். இப்போது விடுதிப் புல்வெளி முழுக்கப் பந்தல். இரண்டு அரங்குகள், துளையிடும் இயந்திரங்களின் மாதிரிகள், கழுத்தில் அட்டை தொங்கும் பெருங்கூட்டம். வளர்ச்சியை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழு பேர் பேசினால் யாரும் முதல் போட மாட்டார்கள். இங்கே ஒரு மதியத்தில் மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தானதைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டை எட்டு நாற்காலி போட்ட வட்ட மேசையில் தனியாகச் சாப்பிட்டேன். இரண்டு பேர் வந்து, காலி நாற்காலிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுத் தூக்கிப் போனார்கள்.

நிகழ்ச்சி நிரலில் வழக்கமான கொட்டச்சேட்டுப் பயணம் இல்லை. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டேன். "ஃபீல்டு விசிட் இப்ப இல்லைங்க சார். தொடக்க விழாவுல வீடியோவா போட்டோமே" என்று ஒரு துணிப்பை கொடுத்தார். பையில் மாநாட்டுச் சின்னம்: வட்டத்துக்குள் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்.

அந்தக் குழாய் கொட்டச்சேட்டில் ஆரோக்கியசாமியின் காபித் தோட்டத்தில் இருக்கிறது. தண்ணீருக்காக அறுநூறு அடி போட்டுப் பொய்த்துப்போன போர்வெல். வறண்ட துளைதான் பேராசிரியருக்கு வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் காலையில் எல்லோரும் அங்கே போய், நீண்ட வயரில் வெப்பமானியை இறக்கி, தரைக்கடியில் எவ்வளவு சூடு என்று அளப்பார்கள். அளவை ஆரோக்கியசாமி உரக்கச் சொல்ல, வந்தவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பேராசிரியர் வைத்த வழக்கம். இரண்டாம் ஆண்டு ஆரோக்கியசாமி, விருந்தாளி வருகிறார்களே என்று முந்தின நாளே மூடியைக் கழற்றிக் குழாயைக் காற்றாட விட்டிருந்தார். இரவுக் குளிர் உள்ளே இறங்கி அளவு கெட்டுப்போனது. பேராசிரியர் சிரித்துவிட்டு, மறுபடி அளப்பதற்காக எல்லோரையும் ஒரு நாள் அதிகம் தங்கவைத்தார். கடந்த மழைக்காலத்தில் பேராசிரியர் காலமானார்.

மறுநாள் காலை வாடகைக் கார் எடுத்தேன். போய்க் காத்திருந்து, குப்பனூர் வழியாகச் சேலத்தில் இறக்கிவிட ஆயிரத்து எண்ணூறு ரூபாய். "கொட்டச்சேட்டுல பார்க்க என்னங்க இருக்குது?" என்று கேட்டார் ஓட்டுநர் முருகேசன். போர்வெல் என்றேன். "தண்ணி வந்துச்சுங்களா?" இல்லை என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தோட்டத்துப் பாதையைச் செதுக்கி, பெருக்கி வைத்திருந்தார்கள். களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருக்க, தெரசா கால்களால் அதைக் கிளறியபடி நடந்தார். ஆரோக்கியசாமியின் மனைவி. என் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பஸ்ஸு பின்னால வருதுங்களா?"

"நான் மட்டும்தானுங்க."

"நேத்தே வருவாங்கன்னு பெரிய பானையில காபி போட்டாருங்க. பூராத்தையும் நாங்க ரெண்டு பேருமே குடிச்சோம். ராத்திரி யாருக்குத் தூக்கம்?"

குழாயருகே ஜல்லியும் மணலும் குவிந்திருந்தன. நான்கு மூட்டை சிமெண்டு. ஆரோக்கியசாமி குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம மவ புள்ளையோட வந்துருதுங்க, இனி இங்கதான் இருக்கப் போவுது" என்றார். "நடக்கற புள்ள. பஞ்சாயத்துலயும் மூடச் சொல்லிட்டாங்க. ஆனா கூட்டம் நடக்கற வரைக்கும் மூட மாட்டேன்னு பேராசிரியர் சார்கிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க."

"போல்ட்டு போட்ட மூடிதான், குழந்தை திறக்காதும்பாரு" என்றார் தெரசா. "வருசா வருசம் கழட்டறது இவருதான? ஒருக்கா மறந்தா என்ன ஆவறதுங்க?"

ஆரோக்கியசாமி என் பக்கம் திரும்பினார். "நீங்களே கூட்டம் நடத்தறவங்ககிட்ட கேட்டுச் சொல்லிருங்க சார். வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். கொத்தனாரு மத்தியானம் வர்றாரு."

மாநாட்டு ஒருங்கிணைப்பாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். மேட்டில் ஏறினால்தான் சிக்னல். பின்னணியில் கைதட்டல் கேட்டது. "அந்த டேட்டா இப்ப தேவைப்படாது சார். பத்திரமா மூடிடச் சொல்லுங்க. ரொம்ப நன்றி சொன்னேன்னும் சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இறங்கி வந்து, இரண்டையும் அப்படியே சொன்னேன்.

ஆரோக்கியசாமி வீட்டுக்குள் போய், பேராசிரியர் விட்டுப்போன வயர் உருளையை எடுத்து வந்தார். "இந்தவாட்டி மூடி தொறக்கவே இல்லீங்க. அளவு சுத்தமா இருக்கும்."

மூடியைக் கழற்றி, வயரில் சிவப்புத் துணி கட்டிய ஐந்நூறாவது அடி வரை இறக்கினோம். வெப்பமானி நிலைகொள்ள அரை மணி நேரம் விட வேண்டும். தெரசா காபி கொண்டுவந்தார். மாநாட்டுத் துணிப்பையை நான் நீட்டியதும் சின்னத்தைத் தடவிப் பார்த்தார். "நம்ம கொழாய்ங்களா இது? துருவையே காணோம்!" பிறகு கணவரைக் காட்டி, "இவுரு இன்னும் ஆவி வரும்னு பாக்கறாருங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுல நின்னாலே இதவிட நொம்பச் சூடு" என்றார். ஆரோக்கியசாமியும் சிரித்தார்.

நேரம் ஆனதும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்பது பேர் நின்றபோது எப்படிச் சொன்னாரோ, அதே குரலில் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இருபத்தஞ்சு புள்ளி மூணு!"

நான் திருப்பிச் சொன்னேன். ஒற்றைக் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. அப்போது காரில் சாய்ந்திருந்த முருகேசன், என்ன ஏது என்று தெரியாமலேயே, "இருபத்தஞ்சு புள்ளி மூணு" என்றார். கடைசியாகக் களத்திலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெரசாவும் சொன்னார்.

வயரைச் சுற்றி முடிக்கும் முன்பே கொத்தனாரின் மொபெட் சத்தம் கேட்டது. முதல் கூடை ஜல்லியை ஆரோக்கியசாமியே கொட்டினார். அது அடியில் விழும் ஓசைக்காகக் காது கொடுத்தோம். வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாநாட்டு நாட்களில் ஏற்காட்டில் அறை கிடைப்பது கடினம். ஒரு மாதம் முன்பே பதியுங்கள். குப்பனூர்ச் சாலை குறுகலானது, கடையும் அரிது. தண்ணீர் எடுத்துப் போங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மாநாடு பயனுள்ளது, தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் போகலாம். பையில் இருக்கும் குழாயை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், கொட்டச்சேட்டில் ஒரு சிமெண்டுத் திண்டுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போனால், அதன்மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கவும் கூடும். அளவைக் கேட்டால் ஆரோக்கியசாமி சொல்வார். நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.