கூப்பிடு தூரம்

யுத்தம் முடிந்த வருஷம் தூத்துக்குடியில் வெறிநாய்க்கடி பரவியது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் செத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே அலறினார். கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். ஊர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் முனிசிபாலிட்டி, தெருநாய் வீட்டுநாய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அடித்துக் கொல்லச் சொன்னது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை கட்டிய எங்கள் கறுப்பு நாயும் அதில் அடக்கம்.

வீட்டுநாயைக் கொல்ல அதிகாரமில்லை என்று தெருக்கோடி வக்கீல் கேஸ் போட்டார். தீர்ப்பு வரும்வரை நாயைக் காப்பாற்ற அவரே வழியும் சொன்னார்.

"முனிசிபாலிட்டி எல்லை கரையோட முடிஞ்சி போச்சி. தண்ணிக்குள்ள அவன் கை வைக்க முடியாது."

என் வீட்டுக்காரர், சங்கு குளிக்கப் போகும் தன் வள்ளத்தில் நாயை ஏற்றிக் கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டார். தெருக்காரர்களும் மிச்சமிருந்த தங்கள் நாய்களை அதிலேயே ஏற்றினார்கள். அவர் வள்ளத்திலேயே காவலுக்குத் தங்கினார்.

மறுநாள் காலை சானிட்டரி இன்ஸ்பெக்டர் தடிக்காரர்களோடு கரைக்கு வந்தான்.

"ஏளா, வள்ளத்தக் கரைக்குக் கொண்டாரச் சொல்லு!"

எனக்கு எப்போதும் வாய் நீளம். "ஏலே, ஆம்பளைன்னா கடல்ல எறங்கிப் பிடிலே பாப்போம்!" என்றேன். என் கொண்டையைப் பிடித்து மணலில் தள்ளினான். நான் போட்ட கத்தல் வள்ளம்வரை கேட்டது.

என் வீட்டுக்காரர் பிடிப்பதற்குள் எங்கள் நாய் கடலில் குதித்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவையும் குதித்தன. "வராத! போ, போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கு என் குரல் மட்டும்தான் தெரியும். கத்தக் கத்த வேகமாக நீந்தி வந்தது.

முழங்கால் தண்ணீரிலேயே அடித்தார்கள். முதல் அடியில் தாடை பிளந்தது. இரண்டாவது அடி மண்டையில் விழுந்தது. அப்போதும் என்னைப் பார்த்துத்தான் தவழ்ந்தது. ஒரு தடிக்காரன் கையை எலும்பு தட்டக் கடித்தேன், விலாவில் உதைத்தான். என் வீட்டுக்காரர் நீந்தி வந்து சேர்வதற்குள் ஒரு நாய் மிச்சமில்லை. அலையெல்லாம் ரத்தம்.

தண்ணீருக்குள் வைத்துக் கொன்றது செல்லாது என்று பிறகு கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஜெயித்துவிட்டோமாம்! வக்கீல் அல்வாவோடு வந்தார். அவர் கையிலிருந்து பிடுங்கித் தெருவில் எறிந்தேன். சாயங்காலம்வரை அது அங்கேயே கிடந்தது. தின்ன ஒரு நாய்கூட வரவில்லை.