சுண்ணாம்பு பட்ட மஞ்சள்

எங்கள் உடப்பு ஊரில் வேட்டி வெள்ளையாக இருக்கும்வரைதான் வேட்டி. திருவிழாக் காலத்தில் அதை மஞ்சளில் நனைத்துக் கையில் காப்பும் கட்டிவிட்டால், கட்டியவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சாமி என்பார்கள். பெண்டாட்டியும் சாமி என்பாள். அவன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது, அவனோடு சண்டைக்குப் போகக் கூடாது. அவனும் மீன் தொடக் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், கோபப்படக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பெரிய தண்டனை. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை.

இருந்தும் ஒரு வருடம் நான் மஞ்சள் கட்ட வேண்டியதாகிவிட்டது. மகள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனைவி அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்தவள் அவள், தீ மிதிக்கிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா என்றால் இல்லை. பிள்ளை எழும்பி உட்கார்ந்து பாண் துண்டும் சீனியும் கேட்ட அன்று, கேட்காவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றிவிட்டது.

அது நாட்டில் மஞ்சள் கிடைக்காத காலம். வெளிநாட்டு மஞ்சள் வருவது நின்றுபோய், கடையில் கிடைத்த தூளில் பாதி மாவாக இருந்தது. கற்பிட்டிப் பக்கம் கடலால் மூட்டை மூட்டையாக மஞ்சள் இறங்குகிறது, பிடிபடுகிறது என்று தினமும் ஒரு கதை. மீன் வாங்கப் போனால் மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவி எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு சின்னப் பொதி நல்ல மஞ்சள் எடுத்து வந்தாள். எந்தக் கரையில் இறங்கியது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கப்படி, கட்டுகிறவன்தான் தன் வேட்டியை நனைக்க வேண்டும். நான் இறால் பண்ணையில் வேலை செய்கிறவன். வீட்டில் இருந்த பெரிய வாளியும் பண்ணையிலிருந்து வந்ததுதான். தண்ணீர் பிடித்து, மஞ்சள் முழுவதையும் கரைத்து, புது வேட்டியை அமுக்கினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கவே தண்ணீர் சிவந்தது. வேட்டியைத் தூக்கினால் ஆடு வெட்டிய இடத்தைத் துடைத்த துணி மாதிரி சொட்டியது.

மனைவி கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டாள். "அம்மனுக்கு ஏதோ பிடிக்கேல்ல. மனசில என்னத்தையோ வச்சுக்கொண்டு நனைச்சிருக்கிறீங்கள்."

"மனசில என்ன கிடக்கு? ஒண்டுமில்ல."

"உங்கட அண்ணனோட கோவம் கிடக்கு."

அண்ணன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில். ஆறு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. காரணம் ஒரு சட்டை. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இந்தக் கரையில் நிறம் சும்மா நிறமாக இருப்பதில்லை. சிலாபம் வீதியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் ஒரு வீட்டில் சாவு. காவிக் கொடி என்றால் போனவர் ஒரு பிக்கு. பௌர்ணமிப் போயா நாளில் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிற சிங்களப் பெண்கள் வெள்ளையில் போவார்கள். பண்ணையில் என்னோடு வேலை செய்கிற நண்பரின் குடும்பம் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அவருடைய வாப்பா மௌத்தான பிறகு அவர் உம்மா இத்தா என்று துக்கம் காத்திருந்த மாதங்கள் முழுவதும் வெள்ளைதான் உடுத்தார். மாதா கோவிலில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கும் வெள்ளை. எல்லாம் ஒரே கடையில் வெட்டிய துணியாகக்கூட இருக்கும். யாருக்கு எதற்கு என்று எங்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

அப்படித் தெரிந்த நான், அப்பாவின் செத்தவீட்டுக்குப் பண்ணையின் செம்மஞ்சள் சட்டையோடு போய் நின்றேன். வேண்டுமென்று அல்ல. குளத்துக்குள் நின்றபோது செய்தி வந்தது, அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். முற்றத்தில் எல்லாரும் வெள்ளை. சேறும் மினுங்கும் கோடுகளுமாக நான் மட்டும். பாடை தூக்க ஆயத்தமாக இருந்தது. நான் போய்க் கொம்பைப் பிடித்தேன். அண்ணன் ஊர்ச் சனத்துக்கு முன்னால் என் கையைத் தட்டிவிட்டான்.

"இந்த உடுப்போட அப்பாவத் தொடாத."

யாரோ ஒரு வெள்ளை வேட்டியை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். கையைத் தட்டிவிட்ட பிறகு எந்த வேட்டி அதைச் சரிசெய்யும்? அப்பாவின் பாடையைத் தூக்காத மகன் என்ற பெயர் எனக்கு. கடைசி ஆளாகச் சுடலைக்கு நடந்தேன். அன்றிலிருந்து அவன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினான். நானும் அவனுக்குக் குறையாமல் திருப்பினேன்.

இப்போது வீட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை. காப்புக் கட்டு அடுத்த நாள். ஊரில் தோண்டி எடுக்கிற பச்சை மஞ்சள் இருந்த ஒரே வளவு அண்ணனுடையது. விலை ஏறத் தொடங்கியதும் சாணியும் கூட்டுப் பசளையும் போட்டு, மணல் தரையில் தென்னைகளுக்கு நடுவே நட்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், முன்யோசனைக்காரன். மனைவி சிவந்த வேட்டியைப் பையில் போட்டு என் கையில் தந்தாள். "பிள்ளைக்காகப் போங்க" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

அண்ணன் வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணிதான் வந்து பையை வாங்கி வேட்டியை விரித்துப் பார்த்தாள். அண்ணன் வலையைப் பார்த்தபடி அவளிடம் சொன்னான்.

"வாளி எங்கத்தயது எண்டு கேளு."

"வாளி எங்கத்தயதாம்?" என்றாள் அண்ணி.

"பண்ணையில எடுத்தது."

"பண்ணையில எடுத்ததாம்."

மூன்று பேரும் ஒரு பாய் அகல இடத்தில் இருந்துகொண்டு இப்படிக் கதைத்தோம். அண்ணிக்குச் சிரிப்பு வந்ததை அவள் முந்தானையால் மறைத்தாள்.

"பண்ணையில குளத்துக்கு என்னத்தப் போடுறது எண்டு கேளு."

அவள் கேட்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. சுண்ணாம்பு. குளம் காய்ந்ததும் வாளி வாளியாகச் சுண்ணாம்பு போடுகிறவனே நான்தான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் சுண்ணாம்பில் கை வைக்கிறவனுக்குத்தான் மூளை வேலை செய்யவில்லை. அம்மன் கோபித்தாள் என்று வீட்டில் ஒருத்தி விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் எழுந்துபோய் நாலைந்து தேசிக்காய் பிடுங்கி வந்தான். பேசினில் பிழிந்து, தண்ணீர் விட்டு, வேட்டியின் ஒரு முனையை அமுக்கினான். சிவப்பு விலகி மஞ்சள் திரும்பி வந்தது. அவன் முகத்தில் ஒரு பெருமை, அதை என்னிடம் காட்டக் கூடாது என்ற பிடிவாதமும் கூடவே. பிறகு வளவில் இறங்கி ஒரு பத்தையைக் கிளறி எடுத்து, கழுவி, அண்ணி அரைத்துத் தர, அந்த விழுதில் வேட்டியை நான் நனைத்தேன். அவன் பேசினை மட்டும் பிடித்துக்கொண்டான். நான் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் கோவிலில் காப்புக் கட்டி மஞ்சளோடு வெளியே வந்தேன். வாசலில் சனம். அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையும் கூப்பி, "சாமி" என்றான்.

உண்மையைச் சொல்வதானால் எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். சனத்துக்கு முன்னால் கையைத் தட்டிவிட்டவன் அதே சனத்துக்கு முன்னால் கும்பிடுகிறான். அந்த நாட்களில் அவன் அடிக்கடி வந்தான். "சாமி, இளநி குடியுங்க." "சாமிக்குக் கால் நோகுதோ?" நான் குடித்தேன், நோகவில்லை என்றேன். ஆறு வருட மௌனத்துக்குப் பிறகு இவ்வளவு கதை.

ஆனால் நாள் போகப் போக அந்தச் சந்தோசம் கசந்தது. அவன் கும்பிடுவது என்னை அல்ல, வேட்டியை. அன்றைக்குச் சட்டையைக் கண்டு தள்ளினான், இன்றைக்கு வேட்டியைக் கண்டு கும்பிடுகிறான். இரண்டு முறையும் உள்ளே நின்றவன் நான்தானே. காப்பை அவிழ்த்த பிறகு இவன் என்னோடு கதைப்பானா என்ற ஒரே கேள்வி என்னைத் தின்றது. அம்மனுக்கு முன்னால் நின்று பிள்ளைக்காகக் கும்பிட்ட நேரத்திலும் அதுதான் நடுவில் வந்து நின்றது. கதைக்காவிட்டால் இனிமேல் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதைக்காமல் இருந்து பழகியவனுக்கு, கதைத்துவிட்டு நிறுத்துவதுதான் கொடுமை.

தீ மிதித்தேன். மகள் தாயின் இடுப்பில் இருந்து பார்த்தாள். காலில் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி நாள் கடலில் முழுகி, காப்பை அவிழ்த்து, மஞ்சள் வேட்டியைக் களைந்து சாரம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அன்று மத்தியானமே என் பெயரில் ஒரு குறை சொன்னாள். சாமி போய்விட்டார், மனிசன் வந்துவிட்டான்.

அடுத்த நாள் காலையில் பாண் வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணன் அங்கே நின்றான். ஆறு வருடமாக அதே கடையில் அதே நேரத்தில் முகத்தைத் திருப்பியவர்கள் நாங்கள். என் கோலம், பழைய சாரம், கிழிந்த பெனியன், சவரம் செய்யாத முகம். கும்பிட என்னில் ஒன்றும் இல்லை. முதலில் நானே திரும்பிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

"தம்பி," என்றான். "கால் கொப்புளிச்சிதோ?"

"இல்லண்ணே."

பாணைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் போகவில்லை. கடைக்காரன் மிச்சக் காசை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அண்டைக்கு அப்பாவுக்குக் கொள்ளி வச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு சொன்னாங்கள்," என்றான். "நான் பாத்தனான். நீ அந்தச் சட்டையோட, சுடலை வேலிக்கு வெளியால தனிய நிண்டாய்."