முதுகில் பட்ட கை

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில் ஒரு காலை. செண்பகனூருக்குக் கீழே ஒரு வளைவில் மண் சரிந்து, நான் வந்த டவுன் பஸ் நின்றுவிட்டது. அடுத்த வளைவுக்கு அப்பால் உள்ள ஆலயத்தில் என் பழைய மாணவனுக்குத் திருமணம், வாழ்த்துரை நான்தான். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன் என்பதால், எங்கும் எனக்கு வழி விடுவார்கள் என்ற நினைப்பு உண்டு.

மற்ற சாலைப் பணியாளர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். காவலுக்கு நின்ற ஒருவர் மட்டும் சிவப்புத் துணி கட்டிய கம்பை நீட்டி என்னை மறித்தார்.

“செத்த நில்லுங்க சார். மேல பாறை ஆடிக்கிட்டுக் கெடக்கு.”

“கல்யாணத்துக்கு நேரமாச்சு. நாப்பது வருசமா நடக்குற ரோடு, நீ எனக்குச் சொல்றியா?”

பஸ் படியில் நின்ற கண்டக்டர் சிரித்தார். “விடுங்கண்ணே, சார் போனாத்தான் அங்க தாலியே கட்டுவாக!”

உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு மழை வலுக்கவே ஷட்டர்களை இறக்கிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் கம்பை விலக்கிவிட்டு நடந்தேன். சற்று தூரத்திலேயே பனி மூடிக்கொண்டது.

பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். “சார், வெரசா ஓடுங்க!” என்ற குரல். முதுகில் ஒரு கை ஓங்கித் தள்ளியது. நான் ஓரத்துச் சாக்கடையில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது பின்னால் மண்ணும் பாறையும்தான் இருந்தன. கம்பு நீட்டி மறித்தவரை மறுநாள்தான் பிணமாக எடுத்தார்கள்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிவில், கடவுள் தமக்குச் செய்ததை எழுந்து சாட்சியாகச் சொல்வது வழக்கம். அந்த ஞாயிறு என்னை அழைத்தார்கள். “என் முதுகில் ஒரு கை பட்டது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை” என்றேன். இரண்டு வாக்கியமும் உண்மை. முழுதாகச் சொன்னால் அவர் யாரைத் தடுக்க ஓடி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். “அற்புதம், அற்புதம்” என்று பலர் அழுதார்கள். மனிதனால் ஆகாததே அற்புதம் என்று வகுப்பில் பொருள் சொல்லிக்கொடுத்த நான் பேசாமல் நின்றேன். பிறகு வேறு சபைகளிலும் கூப்பிட்டார்கள். போனேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி நாயுடுபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்.

“ஆளுகளப் போகாதீகன்னு தடுக்குறவரு, தானே ஏன் அங்க போயி நின்னாருன்னு கேக்குறாக சார். குடிச்சிருந்தாராம். எங்க மாமியா சோறு தண்ணியில்லாம கெடக்கு. நீங்க அங்கதான இருந்தீக, சொல்லுங்க. குடிச்சிருந்தாரா?”

“பனியில ஒண்ணும் தெரியலம்மா.”

“சரிங்க சார். உங்களையாவது கடவுள் காப்பாத்துனாரே” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாண்டு அந்தக் கும்பிடு என்னைத் தூங்கவிடவில்லை. சென்ற ஆண்டு அதே சபையில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க மாமியா காதுல விழுந்துருக்கும். மகன் குடிச்சுச் செத்தான்னு நெனச்சே போன தை மாசம் போய்ச் சேந்துருச்சு. இப்ப யாருகிட்ட சார் போயிச் சொல்ல?”

உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. நான் திரும்பி நடந்தேன்.

நான் சாட்சி சொல்லி ‘அற்புதம்’ என்று பிறரை அழவைத்த ஒவ்வொரு ஞாயிறும் கீழே ஒரு வீட்டில் ஒரு தாய், தன் மகனைக் குடிகாரன் என்று நம்பி அழுதுகொண்டிருந்தாள். எழுபத்தாறு வயதில் எனக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான்.