தொண்ணூற்றெட்டாவது தொகுப்பு

பல் துலக்குவதற்கு முன் அவர் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். ஒரு கையில் பிரஷ், மறு கையில் கன்ட்ரோலர். திரையில் தொண்ணூற்றேழுக்குத் தொண்ணூற்றேழு என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உருட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பேஸ்ட் மூடி திறக்கப்படும். "ராத்திரி ஏதாச்சும் புதுசா வந்திருக்கலாம்ல" என்பார், யாரும் கேட்காமலே.

லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்ட்ரா'. பத்தொன்பது வருடமாக, ஏழு பாகமாக வந்துகொண்டிருக்கும் ஒரு வீடியோ கேமுக்கு வாக்கப்பட்டவர். ஒரு பெரிய ஆறு, கரையெல்லாம் ஊர்கள், ஊருக்கு ஒரு வம்பு, அதுதான் ஆட்டம். ஆட்டத்தை விற்ற கம்பெனி அதோடு விடாமல், தலைக்குத் தொப்பி, தொப்பிக்கு இறகு, இறகுக்கு மூன்று நிறம் என்று மேலே மேலே விற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடுதல் சரக்குக்குப் பெயர் டிஎல்சி. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பானா என்று இவரும் ஒன்று விடாமல் வாங்கிவிடுகிறார். காலையில் பார்க்கும் பட்டியல் அதுதான்.

ஐந்தாம் பாகத்தில் ஒரு நாய் வந்தது. குரைப்பு வரவில்லை. அது இரண்டு மாதம் கழித்து வேறு தொகுப்பாக வந்தது. அந்த இரண்டு மாதமும் ஊமை நாயோடு காடு மேடெல்லாம் அலைந்தார். யாராவது சிரித்தால் கோபம் வரும். "வந்த உடனே குலைச்சிடுமா? புது இடம், பழக வேணாமா?" கம்பெனிக்காரனுக்கே தோன்றியிருக்காத சமாதானம்.

தொழிலிலும் அதே புத்திதான். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டு விளக்குவார். "லிஃப்ட் மேல போகுது, கீழ வருது. அதுதாங்க மெயின். கண்ணாடி, ஃபேன், மாடி நம்பர் சொல்ற குரல், இதெல்லாம் தனியா வரும்." அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரிடம் வாய் கொடுத்து மீள முடியுமா? "கல்யாணத்தப்போ புருஷன் மட்டும் வந்தார். பேச்சுத்துணை தனியா வரும்னாங்க. பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் இறங்கல" என்று வருகிற உறவினர்களிடமெல்லாம் சொல்கிறாள். இவரும் கூடவே சிரிக்கிறார்.

லிஃப்ட் ஓடும்போது மெக்கானிக்கை ஒருவரும் நினைப்பதில்லை. நின்றால் நினைப்பார்கள், அதுவும் நல்ல வார்த்தையில் அல்ல. கருவிப் பையோடு அவர் வாசலில் நுழைந்ததுமே மூன்றாம் மாடி அம்மா ஆரம்பித்துவிடுவாள். "எத்தன தடவ போன் பண்றது? இப்பதான் உங்களுக்கு விடிஞ்சுதா?" ஒரு நாளைக்கு ஆறு கட்டிடம், ஆறு வசவு. வேலை முடித்துக் கிளம்பும்போது யாரும் கதவுவரை வருவதும் இல்லை. அவர்கள்தான் லிஃப்டில் ஏறி மேலே போயிருப்பார்களே.

அந்த ஆட்டத்தில் ஒரு கிழட்டு ஓடக்காரர் இருக்கிறார். முதல் பாகத்திலிருந்து கூடவே வருகிறவர். எந்தச் சண்டையில் அடிவாங்கித் திரும்பினாலும், எத்தனை நாள் கழித்துத் திரும்பினாலும், துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார். "வந்துட்டியா, ஏறு" என்பதுபோல ஏதோ சொல்வார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவர்கள் இருவருக்கும் பத்தொன்பது வருடமாகக் கரையே வரவில்லை. "ஒரு தடவ கூட லேட்டுன்னு சொன்னதில்ல அந்த மனுஷன்" என்று சொல்லும்போது மட்டும் எக்ஸ்ட்ராவின் குரல் இறங்கிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி கடைசித் தொகுப்பை அறிவித்தது. பெயர் 'வழியனுப்பு'. ஓடக்காரர் இறந்துபோகிறார். மூன்று வகைப் பாடை, இரண்டு வகை மழை, நாய்க்கு ஒரு கறுப்புத் துணி. முன்பதிவு செய்தவர்களுக்கு ஒப்பாரி இலவசம். வெள்ளிக்கிழமைவரைதான் விற்பனை, அதற்குப் பின் எங்கும் கிடைக்காது. வாங்கிவிட்டால், நெட் இணைப்போடு விளையாட்டுப் பெட்டியைப் போட்டதும் அது தானாக இறங்கி, சேமித்து வைத்த ஆட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிழவர் போனால் போனதுதான், பழையபடி ஆக்க வழி கிடையாது.

வாங்காவிட்டால் ஆயுசுக்கும் தொண்ணூற்றெட்டுக்குத் தொண்ணூற்றேழு. வாங்கினால் கிழவர் காலி. மூன்று வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கட்டிடத்தில் இரண்டாம் மாடிப் பொத்தானை ஐந்தாம் மாடிக்கு இணைத்துவிட்டு வந்து, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், ஒரு பழைய கட்டிடத்தில், நிறுத்தி வைத்த லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தபடி போனில் வாங்கிவிட்டார். பழக்கதோஷம். தொண்ணூற்றெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு என்று பச்சை விழுந்தது. அடுத்த கணமே வீட்டிலிருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. அன்று மனைவிக்கு விடுமுறை. சீரியல் பார்க்கிறேன் என்று எந்த ரிமோட்டை எடுத்து எதை அமுக்குவாளோ என்று மிச்ச வேலையை அரைகுறையாக முடித்து, பெரிய ஸ்பேனரைக் கூரைமேலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

பெட்டி அணைந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு, பின்னாலிருந்த நெட் ஒயரைப் பிடுங்கினார். காற்றில் வரும் நெட்டை நம்பாதவர் அவர். அந்த வீட்டில் எல்லாம் ஒயர்தான். அதை நான்காகச் சுருட்டி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு இது?"

"எங்கயாவது ஒளிச்சு வை. எங்கன்னு என்கிட்ட சொல்லாத. நான் கெஞ்சினாலும் குடுக்காத."

"இறக்கப் போறதில்லன்னா எதுக்கு வாங்கினீங்க?"

"பட்டியல்ல இருக்கணும்ல."

"இருந்து?"

"அதுவும் இருக்கட்டும். அவரும் இருக்கட்டும்."

அவள் ஒயரை வாங்கிக்கொண்டு, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள். பீரோவைத் திறக்கும்போது, பார்க்கிறாரோ என்று திரும்பினாள்.

கூடத்து மூலையில், செருப்புக் காலோடு, சுவரில் நெற்றி முட்ட நின்றுகொண்டிருந்தார். கிரீஸ் படிந்த இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்தியிருந்தார்.