அட்டையில் இல்லாத டாங்கி

எங்கள் அப்பாவுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம். வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நன்றாக எழுது என்று தம்பி சொன்னான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனம் மரத்துக் கிடக்கிறது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தார். வானம் பொய்த்த ஒரு வருடம், மீசை சரியாக முளைக்கும் முன்பே பட்டாளத்துக்குப் போய்விட்டார். அங்கே வண்டி பழுது பார்க்கும் பிரிவு. அறுபத்தைந்தாம் வருடம் மேற்கு எல்லையில் போர் வந்தபோதும் அவர் கையில் இருந்தது ஸ்பேனர்தான். திரும்பி வந்து, வளவனூர்ப் பெண்ணான அம்மாவைக் கைப்பிடித்தார். திண்டிவனத்தில் குடியேறி, ஓய்வு பெறும்வரை பஸ் டிப்போவில் மெக்கானிக்காக உழைத்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். சைக்கிளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை இருக்கும், வறுத்ததை மட்டும் தொடமாட்டார். அவருக்குப் பித்தம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

செப்டம்பர் வந்தால் ஊரில் அப்பாவைத் தேடுவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, அந்தப் போர் வெற்றியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். அப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

போன செப்டம்பரில் படுக்கையில் இருந்தபடியே என் செல்போனில் அந்தப் போருக்கு இரண்டு நாடும் எடுத்த வெற்றி விழாக்களைப் பார்த்தார். இங்கே மலர்வளையம், பேண்டு, கொடி. அங்கேயும் அதேதான். நாம் பிடித்த அவர்களுடைய டாங்கிக்கு வர்ணம் அடித்து நம் ஊர்களில் நிறுத்தியிருக்கிறோம். அவர்கள் பிடித்த நம் டாங்கி அவர்கள் ஊரில் நிற்கிறது. முன்னால் நின்று பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"ரெண்டு பேருமே ஜெயிச்சோம்னு சொல்றாங்களேப்பா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சத நான் எங்கம்மா பாத்தேன்? சண்ட நின்னப்புறம் அவங்க டாங்கி வண்டிய இழுத்துக்கினு வந்து கழுவுனேன். உள்ள பசங்க கெடந்தாங்க. நான்தான் எடுத்தேன். ஒருத்தன் சட்டைப் பையில வறுத்த மல்லாட்ட இருந்துச்சு."

பிறகு தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அம்மா இதைக் கேட்காமலே அப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பொங்கல் கழிந்து அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் காலையில் காபி வேண்டாம் என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அந்தக் காபியை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இந்த மலரின் அட்டைக்குத் தம்பி எடுத்துக் கொடுத்த படம், நாங்கள் காசிக்குப் போன வழியில் ஓர் ஊர் நாற்சந்தியில் எடுத்தது. அப்பாவுக்குப் பின்னால் வர்ணம் அடித்த டாங்கி. முகம் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான், ஆனால் கண் கேமராவைப் பார்க்கவில்லை. டாங்கியை எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

"அதான்க்கா அப்பாவுக்கே பெரும. அத்தப் போய் எடுக்கச் சொல்றியே?"

மல்லாட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா" என்றான். பிறகு அவனே அச்சகத்துக்குப் போன் போட்டான்.

"டாங்கிய எடுத்துட்டா பின்னாடி வெறிச்சுனு இருக்குமே சார். மலை, அருவி எதுனா போட்டுடட்டுமா?" என்று அச்சகத்தார் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஒண்ணும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த வளவனூர் மாமாவுக்கும், தூக்கிச் சுமந்த டிப்போ நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். அட்டையில் அப்பாவுக்குப் பின்னால் வெறும் வெள்ளையாக இருப்பதற்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். நாங்கள் கேட்டுத்தான் அப்படி விட்டார்கள். ஒரு தடவை தெரியாமல் அப்பாவை அந்த டாங்கிக்கு முன்னால் நிறுத்திவிட்டோம். இன்னொரு தடவை நிறுத்த மனம் வரவில்லை.