மேளத்துக்கு ஆடிய சொதி

எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது கடைசியில் சொதியில்தான் வந்து நிற்கும். அத்தையின் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாட்டில், தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் அந்தக் குழம்பு கடைசிப் பந்திக்கு எட்டவில்லை. அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் புகுந்த வீட்டில் இலையில் சொதி விழும்போதெல்லாம், "பாத்து ஊத்துங்க, இவ வீட்டுச் சொதி மாதிரி ஆயிரப் போவுது" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. ஆகவே என் அக்காவின் கல்யாணத்தில் நகை, சீர், பந்தல் எதையும்விட வீட்டார் அதிகம் கவலைப்பட்டது சொதியைப் பற்றித்தான். அது குறைந்தால் அக்கா ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

டெல்லி தர்பாருக்கு அடுத்த வருஷம், 1912, அது. எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ராதாபுரம் பக்கம். அவர்களை ஊர்க்கோடிச் சத்திரத்தில் இறக்கியிருந்தோம். சத்திரத்து அடுப்படியில் புகை அடங்காது, தேங்காய்ப்பாலில் புகைவாடை ஏறிவிடும் என்று சமைக்க வந்த தவசிப்பிள்ளை சொல்லிவிட்டதால், மறுவீட்டுச் சமையல் முழுவதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது. மற்றதெல்லாம் பின்பக்கச் சந்து வழியாகச் சத்திரத்துக்குப் போய்விட்டது. முதல்பால் விட்டு இறக்கிய சொதி மட்டும் பாக்கி. அதைத் திரும்பச் சூடு பண்ணினால் திரிந்துவிடும்; சிந்தினால் வேறு வைக்கவும் நேரமில்லை. பந்தி முடிந்த கையோடு அக்காவுக்கு வண்டி கட்டுவதாக ஏற்பாடு. இருட்டுவதற்குள், வழியில் ராத்தங்கலுக்குக் களக்காடு போய்ச் சேர வேண்டும்.

அந்த நேரத்தில் மாமா குறுக்கே வந்தார். அம்மாவின் தம்பி. குழந்தை இல்லாதவர். அக்காவைத் தூக்கி வளர்த்த தோள் என்று தன் இடது தோளைத் தட்டிக் காட்டுவது அவர் வழக்கம். சொதி சந்து வழியாகப் போகக் கூடாது, இரண்டு தெருவையும் சுற்றித்தான் போக வேண்டும், முன்னால் மேளம் வாசிக்க வேண்டும் என்றார்.

"கொழம்புக்கு எதுக்குடா மேளம்?" என்றாள் அம்மா.

"எம் மருமவ வீட்டு ஆளுகளுக்குப் போற சொதி. களவாண்டு கொண்டு போற மாதிரி சந்துக்குள்ள போவணுமாக்கும்?"

அம்மாவுக்கு வாதாட நேரமில்லை. அகலமான அண்டாவின் இரண்டு காதுகளிலும் கயிறு கட்டி, கம்பில் தொங்கவிட்டு, தவசிப்பிள்ளையின் ஆட்கள் இருவர் முன்னும் பின்னுமாகத் தூக்கினார்கள். தட்டுப் போட்டு மூடினால் வேர்த்து நீர் சொட்டும் என்று அண்டாவின் வாயில் வாழையிலையை மட்டும் பரப்பிக் கட்டியிருந்தது. எனக்குப் பெரிய அகப்பையைத் தூக்கி வரும் வேலை. மேளக்காரர்களுக்கும் அண்டாவுக்கும் நடுவில் நான் நடந்தேன்.

வாசலை விட்டு இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஆட்களில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை; ஆளுக்கொரு நடையாக நடந்தார்கள். பிள்ளையார் கோயில் முக்கில் மேளம் தொடங்கியது. ஊர்வலத்துக்கென்றே உள்ள நிதானமான நடை. அதைக் கேட்டுக்கொண்டு யாரால் தாளம் தப்பி நடக்க முடியும்? நான்கு கால்களும் தவிலோடு சேர்ந்து விழுந்தன. சிறிது தூரம் போவதற்குள் வாழையிலை மூச்சு விடுவதுபோல் எழுந்து அடங்கியது. பிறகு சொதி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கொஞ்சம் உயர்ந்தது. முதல் வாய் தெருவில் விழுந்தது.

"பைய! பைய வாங்கலே!" என்று மாமா கத்தினார்.

அவர்கள் நடையைத் தளர்த்தினார்கள். மரியாதைக்குத் தவிலும் தளர்ந்தது. சொதி இரண்டு பக்கமும் வழிந்தது.

"ஐயோ, முதப்பாலு போவுதே!" என்று தவசிப்பிள்ளை தலையில் கை வைத்தார்.

"நாங்க என்ன செய்ய? அதுல்லா எங்களைப் பிடிச்சு இழுக்குது!" என்றார் முன்னால் தூக்கியவர்.

அதற்குள் முதல் தெரு முடிந்து, அடுத்த தெருக்கோடியில் சத்திரத்து வாசல் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்துவிட்டோம். அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்தே ஆற்றங்கரைக்காரர்களைச் சீண்டிக்கொண்டிருந்த மனிதர்.

"என்ன வே, சொதிக்குச் சாமி வந்துட்டா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவர் பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. எனக்கு அத்தையின் முகம் ஞாபகம் வந்தது.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நாகசுரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றுவதற்காக நிறுத்தியபோது தவிலும் ஓய்ந்தது; சொதியும் அடங்கியது. மேளம் மறுபடி தொடங்கியதும் சொதியும் தொடங்கிவிட்டது. எட்டு வயதுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஓடிப்போய்த் தவில்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணாச்சி, மேளத்தை நிறுத்துங்க. சொதி ஆடுது."

அவர் வாசிப்பை விடாமல் குனிந்து பார்த்தார். "எம் மேளத்துக்கு மனுசங்க ஆடிருக்காங்க, யானை ஆடிருக்கு. கொழம்பு ஆடி இன்னைக்குத்தான் பாக்கேன்! நிறுத்துனா உங்க மாமா என் தவிலைக் கிழிச்சிருவாரு ஏட்டி. வேணும்னா ஓட விடுதேன், பாக்கியா?"

நாகசுரக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நடை இரட்டித்தது. ஆட்களின் கால்களும் இரட்டித்தன. கிட்டத்தட்ட ஓட்டம்.

"ஏலே! எங்கலே ஓடுதிய? நில்லுங்கலே!" என்று மாமா குடையோடு பின்னால் ஓடி வந்தார்.

வாழையிலை ஒருமுறை எழுந்தது, இரண்டுமுறை தயங்கியது, பிறகு தூங்கிவிட்டது. சத்திரத்து வாசலில் இறக்கியபோது தவசிப்பிள்ளை இலையை விலக்கி, என் கையிலிருந்து அகப்பையை வாங்கி முக்கிப் பார்த்தார். நாலு விரற்கடை குறைந்திருந்தது. ஆனாலும் கடைசிப் பந்தியின் கடைசி இலை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மறுபடி மறுபடி கேட்டு வாங்கி, இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "ஆத்தங்கரைக்காரங்க சொதிக்கு ஆட்டமும் தெரியுது" என்று ஏப்பம் விட்டார். அம்மா அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

பிற்பாடு சென்னையில் பௌதிகம் படிக்கும்போது, தொட்டித் தண்ணீரை ஒரே சீராக அசைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்தோம். தண்ணீர் விளிம்பு தாண்டி என் சேலையில் விழுந்தபோது நான் சிரித்ததற்கு ஆசிரியைக்குக் காரணம் தெரியவில்லை. பாத்திரத்தில் நிற்கும் எந்த நீருக்கும் அதன் அகலத்துக்கும் ஆழத்துக்கும் தக்கபடி ஆடிவரச் சொந்தமாக ஒரு கால அளவு உண்டு. அதே கால அளவில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும். ஒன்றோடொன்று சேர்ந்து ஆட்டம் பெருகும். அதைவிட மிக வேகமாகத் தள்ளினால் தள்ளல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். அன்று எங்கள் அண்டாவுக்கு வாய்த்த கோளாறுகளை என்னால் வரிசைப்படுத்த முடியும். ஒன்று, இருவர் நடையையும் மேளம் ஒன்றாக்கியது. இரண்டு, அந்த நிதான நடை சொதியின் ஆட்டத்தோடு ஒத்துப்போனது. மூன்று, மாமா பைய, பைய என்றது இன்னும் நெருக்கமாக ஒத்துப்போக வைத்தது. நான்காவதாக ஒரு யோசனையும் உண்டு: இலையை வாயில் கட்டாமல் சொதியின் மேலேயே மிதக்கவிட்டிருந்தால் ஆட்டம் பாதி குறைந்திருக்கும்.

மாமா ஏன் சுற்று வழியையும் மேளத்தையும் நிதான நடையையும் கேட்டார் என்பது அந்த வரிசையில் வரவில்லை. வீம்பு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பந்தி முடிந்து வண்டி கட்டும்போது, மேளத்தை ஓட விட்டது என் வேலைதான் என்று மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீயா ஏட்டி?" என்றார், வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு தெரு முழுசா இருந்துச்சே."

அக்கா வண்டியில் ஏறினாள். மாமா பின்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். துண்டு இடது தோளில் கிடந்தது. மாடுகள் கொஞ்சம் எட்டி நடை போட்டதும், "பைய ஓட்டு வே, பைய" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். வாய்க்கால் பாலம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

நான் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொதியெல்லாம் தீர்ந்துவிட்டதே, அந்த வண்டியில் சிந்திப்போக இன்னும் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.