கோல்கம்பத்தடி உத்தியோகம்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அகஸ்ரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். தெருவில் பார்ப்பவர்கள் டொக்டர் என்று நினைத்தால் அவருக்கு ஆட்சேபனை இல்லை. "கொலர் மடிஞ்சு கிடக்கு. இதையும் ஒருக்கா அயன் பண்ணேலாதோ?" என்று மனைவி றோசலின்மீது எரிந்துவிழுவார். வாரநாட்களில் ரெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் மூடித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற மனிதர்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் ஞாயிறு தோறும் அவர் மிசிசாகாவில் ஐரிஷ்காரர் ஆடும் 'கேலிக்' என்ற அவர்கள் ஊர்க் கால்பந்துக்குக் கம்பத்தடி நடுவர்.

தொழிற்சாலைப் போர்மன் டோலன் ஓர் அணிக்கு மனேஜர். தோற்றவன் அன்றோடு மூட்டை கட்டவேண்டிய சம்பியன்சிப் அது. ஐரிஷ்காரன் தூக்கும் கொடியை இன்னோர் ஐரிஷ்காரன் நம்பமாட்டான். ஆகவே எந்தப் பக்கமும் சேராதவர்கள் என்று இரண்டு யாழ்ப்பாணத்தாரை மைதானத்தின் ஒரு முனைக் கோல்கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டோடு நிறுத்தினார்கள். பந்து இரு கம்பங்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, அகஸ்ரின் வெள்ளைக் கொடி தூக்கவேண்டும். கீழே வலைக்குள் போனால் கோல், வின்சன்ற் பச்சை தூக்கவேண்டும். வின்சன்ற் அதே தொழிற்சாலைக்கு ஏஜென்சி மூலம் வந்து, எப்போது வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தவன். அவனை இழுத்துவந்ததும் அகஸ்ரின்தான்.

"அண்ணை, பந்து வருது!" என்று வின்சன்ற் முதல் நாள் பதறினான்.

"பந்தை என்னத்துக்கடா பாக்கிறாய்? பந்தே உனக்கு வேலை தரப்போகுது? போர்மன்ர முகத்தைப் பார்."

அப்படியே பார்த்தார். டோலன் கையை உயர்த்தினால் இவர் கொடியை உயர்த்தினார். அரையிறுதியில் கம்பத்துக்கு வெளியே போன பந்துக்கும் கூசாமல் கொடி ஏறியது. மறுநாள் டோலன் கம்பத்தடி நன்றாக நடக்கிறது என்று அகஸ்ரினின் தோளில் தட்டி, நாலுபேருக்கு மேலே நிற்கும் லீட் ஹான்ட் இடத்துக்கு உன் பெயரைத்தான் சொல்லப்போகிறேன் என்றான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் அகஸ்ரினின் அளப்பு தாங்கமுடியவில்லை. "அவங்களும் வேதக்காரர், நாங்களும் வேதக்காரர். ஒரே ரத்தம் மாதிரித்தான்." கொடி பிடித்த கைக்கு இவ்வளவு தலைக்கனமா என்று வின்சன்ற் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனாலும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று தலையாட்டினான். அவனுக்கும் வேலை வேண்டுமே.

இறுதியாட்டம். கடைசி நிமிடம், இரு பக்கமும் சமம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், கம்பத்தடி நடுவர் மாறுவதில்லை; இப்போது இந்தக் கம்பத்துக்கு அடிப்பது எதிரணி. இது அகஸ்ரினுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் அந்த நேரம் மனசுக்குள் லீட் ஹான்டாகி நாலுபேரை அதட்டிக்கொண்டிருந்தார். எதிரணிக்காரன் ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போனது. "வெளியே, வெளியே" என்று டோலன் எல்லைக்கோட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி அலறினான்.

அகஸ்ரின் கைகளை மட்டும் கண்டார். வெள்ளைக் கொடியை விறைப்பாக உயர்த்தினார்.

மைதானத்தின் பிரதான மத்தியஸ்தர் அந்தப் புள்ளியைக் கொடுத்து, ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார். எதிரணி கோப்பைக்கு ஓடியது.

"என்னண்ணை செய்தனீங்கள்! அடிச்சது மற்றப் பக்கமெல்லே!" என்றான் வின்சன்ற்.

பந்திலேயே கண்ணாக இருந்த டோலன், எந்த மடையன் கொடி தூக்கினான் என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு மைதானத்தைக் குறுக்கறுத்து வந்தான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஒரே வெள்ளைக் கோட்டில் நின்ற இருவரில் எவன் கையில் எந்தக் கொடி என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

அவன் கிட்ட வருவதற்குள் அகஸ்ரின் வின்சன்றின் கையிலிருந்த பச்சைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு, வெள்ளைக் கொடியை அதே கையில் திணித்தார்.